அருங்காட்சியகத்தில் அம்பாசிடர், அழிப்புக் கூடத்தில் மாருதி

புது தில்லி: தலைநகரிலிருந்து ஜெய்ப்பூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் குருகிராமத்தின் கண்ணாடிக் கட்டடங்களையும் மானேசர் தொழிற்பேட்டையையும் கடந்து, பிலாஸ்பூர் சந்திப்பில் இடப்புறம் திரும்பினால், சாலை சட்டென்று கிராமத்துச் சாலையாகிவிடுகிறது. இருபுறமும் கடுகு வயல்கள். எருமைகள் குறுக்கே வந்தால் வண்டி நிற்கத்தான் வேண்டும். அந்தச் சாலையில், ஹரியாணாவின் நூஹ் மாவட்டத்தைச் சேர்ந்த தாவ்டு என்னும் சிற்றூரை ஒட்டி, நான்கு தளங்களுடன் எழுந்து நிற்கிறது "ஹெரிடேஜ் டிரான்ஸ்போர்ட் மியூசியம்". ஹோட்டல் துறையைச் சேர்ந்த தருண் டக்ரால் பல்லாண்டுகளாகச் சேகரித்த வாகனங்களைக் கொண்டு, ஓர் அறக்கட்டளையின் மூலம் 2013 டிசம்பரில் திறக்கப்பட்ட போக்குவரத்து அருங்காட்சியகம் இது.

ரயிலுக்கு அரசே அருங்காட்சியகம் அமைத்தது. தில்லி சாணக்கியபுரியில் 1977 முதல் அது இயங்கி வருகிறது. சாலையில் ஓடியவற்றுக்கோ தலைநகரை அடுத்து இப்படி ஓர் இடம் அமைய ஒரு தனி மனிதரின் ஆர்வம் தேவைப்பட்டது. தமிழகத்திலும் இதே கதைதான். கோவையில் 2015இல் திறக்கப்பட்ட கார் அருங்காட்சியகம் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் முயற்சியால் அமைந்தது.

நூஹ் மாவட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2016 வரை மேவாத் என்று அழைக்கப்பட்ட இம்மாவட்டம், 2018இல் நிதி ஆயோக் வெளியிட்ட பின்தங்கிய மாவட்டங்களின் தொடக்கநிலைத் தரவரிசையில் கடைசி இடத்தைப் பெற்றது. குருகிராமத்துக்கு அடுத்த வீடு என்று சொல்லத்தக்க தொலைவில்தான் இருக்கிறது. இங்குள்ள மேயோ முஸ்லிம்களில் பலருக்கு லாரி ஓட்டுவதே பிழைப்பு. என்னை அழைத்துச் சென்ற வாடகைக் கார் ஓட்டுநரும் இப்பகுதிக்காரரே. லாரி ஓட்டுநரின் மகன். இத்தனை முறை இவ்வழியே போயிருந்தும் உள்ளே நுழைந்ததில்லை என்றார். அவருக்கும் ஒரு நுழைவுச்சீட்டு வாங்கி உடன் அழைத்துச் சென்றேன்.

உள்ளே மாட்டு வண்டிகள், பல்லக்குகள், யானை மீது வைக்கும் அம்பாரிகள் ஆகியவற்றில் தொடங்கி, மன்னராட்சிக் காலத்து ரயில் பெட்டி, சிறிய ரக விமானம் என்று பயண வரலாறு விரிகிறது. தகரத்தாலான பழைய பொம்மைக் கார்களுக்குத் தனி இடமே உண்டு. பெரியவர்கள்தாம் அங்கு அதிக நேரம் நிற்கிறார்கள். ஓட்டுநர் நின்ற இடம் வேறு. மரச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை பூட்டிய வண்டியருகே குனிந்து, அச்சாணியைத் தொடாமல் சுட்டிக்காட்டி, தம் பாட்டனார் வீட்டில் இருந்த வண்டியில் அது எப்படித் தேயும், எதைத் தடவித் தேய்மானத்தைத் தடுப்பார்கள் என்பதை எனக்கு விளக்கினார்.

அடுத்து வருபவை சமஸ்தானத்து ஆடம்பரங்களை நினைவூட்டும் பழைய வெளிநாட்டுக் கார்கள். மன்னர்களின் கார்களைப் பற்றிய கதைகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. விற்பனையாளர் அவமதித்ததால் ரோல்ஸ் ராய்ஸ் கார்களை வாங்கிக் குப்பை அள்ளவிட்டார் ஆல்வார் மன்னர் என்ற கதையை, ஆல்வாருக்குப் போகும் வழியிலுள்ள இவ்வூரில் சொல்லாதவர் இல்லை. ஆதாரம் காட்டுவாரைத்தான் இதுவரை காணோம். இப்பகுதியை விரைவாகவே கடந்தேன். நாடாளுமன்றச் செய்தியாளன் ஒருவன் நின்று பார்க்க வேண்டியது, பெருமை எதுவுமின்றி நிற்கும் இந்தியத் தயாரிப்புக் கார்களையே.

ஏனென்றால், இந்தியக் காரின் வரலாற்றில் பாதி தொழிற்சாலையில் எழுதப்பட்டதென்றால் மறுபாதி எழுதப்பட்டது நாடாளுமன்றத்திலும் உத்யோக் பவனிலும்தான்.

விடுதலைக்கு முன்பே அமெரிக்க நிறுவனங்கள் இங்கு வந்துவிட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கார்களைப் பூட்டிச் சேர்க்கத் தொடங்கியது. ஃபோர்டு நிறுவனம் 1930களில் சென்னை உள்ளிட்ட துறைமுக நகரங்களில் அதே பணியைச் செய்தது. உதிரி பாகங்கள் கப்பலில் வரும். இங்கே முடுக்கிச் சேர்ப்பார்கள். 1953இல் சுங்கத் தீர்வை ஆணையத்தின் பரிந்துரையை ஏற்ற மத்திய அரசு, உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் உடையவர்கள் மட்டுமே இத்தொழிலில் நீடிக்கலாம் என்று அறிவித்தது. அன்று வணிக, தொழில் துறை அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அமெரிக்க நிறுவனங்கள் இரண்டும் கடையைக் கட்டின.

களத்தில் எஞ்சியவற்றுள் கார் என்றால் மூன்று நிறுவனங்கள்தாம். 1942இல் பிர்லா குழுமம் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓக்கா துறைமுகத்திலிருந்து மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவுக்கு இடம் பெயர்ந்திருந்தது. வால்சந்த் ஹிராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாய் குர்லாவில் இருந்தது. சென்னையை அடுத்த பெருங்களத்தூர் பகுதியில் இயங்கியது ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். ஹெரால்டு, கெஸல் என்று அதன் கார்கள் தமிழகச் சாலைகளில் ஓடியதை இன்றும் அறுபது வயதைக் கடந்தவர்கள் நினைவுகூர்வர். 1980களில் வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000 என்னும் காருடன் அதன் கதை முடிந்தது.

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு 1957இல் உத்தர்பாராவில் உற்பத்தி தொடங்கப்பட்டது அம்பாசிடர். 2014 மே மாதம் ஆலை நிறுத்தப்படும் வரை, ஏறத்தாழ 57 ஆண்டுகள், வெளித்தோற்றத்தில் பெரிய மாறுதல் ஏதுமின்றி அது வந்துகொண்டிருந்தது. மாற வேண்டிய அவசியம் எழவில்லை. வாங்குவோர் வரிசையில் நின்றனர். விற்போருக்குக் கவலை இல்லை.

அந்த வரிசையை அமைத்தது அரசு. கார்களை எவ்வரிசைப்படி விற்க வேண்டும் என்பதற்கு 1959இல் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. விலையையும் அரசு நிர்ணயித்தது. அதை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஒருபுறம். அரசு ஒதுக்கீடு என்ற தனி வரிசையில் வந்து வண்டியை ஓட்டிச் சென்றவர்கள் மறுபுறம். தனியார் தயாரித்த ஒரு பொருளுக்கு அமைச்சகத்தின் சிபாரிசு தேவைப்பட்ட காலம் அது. "சோஷலிசத் திட்டமிடல்" என்று அதற்குப் பெயரிட்டிருந்தனர். கடைசியில் நடந்தது என்னவோ, யாருக்கு யாரைத் தெரியும் என்ற பழைய கணக்குதான்.

இதை ஒரு காரை மட்டும் நிறுத்தி வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒதுக்கீட்டுக் கடிதம், பதிவுப் புத்தகம், எம்.பி. ஒருவர் அமைச்சருக்கு எழுதிய பரிந்துரை, மக்களவையில் அமைச்சர் அளித்த பதில் ஆகியவற்றையும் அதனருகே வைத்தால்தான் அது வரலாறு. வண்டிகளைச் சேகரிக்க ஒரு தனி மனிதர் முன்வந்தார். காகிதங்களோ அரசிடம் இருக்கின்றன.

அதிகாரத்தின் வெள்ளை நிறம்

அம்பாசிடரைக் குடிமக்களின் கார் என்று சொல்வோர் உண்டு. கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சிகளை நினைத்தால் அது உண்மையே. தில்லியில் வாழ்ந்தவர்களுக்கு அது வேறு ஒன்று. வெள்ளை வண்ணம், பின்னிருக்கையில் பூத்துவாலை, சன்னலுக்குத் திரை, கூரை மீது சிவப்பு சுழல் விளக்கு. இந்த நான்கும் சேர்ந்தால் எந்தக் காவலரும் வழிமறிக்கமாட்டார் என்பது எழுதாத விதியாயிற்று.

அந்த விதியை நன்றாகப் படித்து வைத்திருந்தவர்கள் 2001 டிசம்பர் 13ஆம் நாள் நாடாளுமன்ற வளாகத்துக்குள் வந்த ஐந்து பயங்கரவாதிகள். அவர்கள் வந்த வண்டி ஒரு வெள்ளை அம்பாசிடர். அதன் மீது சிவப்பு விளக்கு. கண்ணாடியில் உள்துறை அமைச்சகத்தின் பெயரால் போலியாகத் தயாரித்த ஒட்டுச்சீட்டு. அவைகள் சற்று முன்புதான் ஒத்திவைக்கப்பட்டிருந்தன. உள்ளே நுழைந்த அந்தக் கார் துணைக் குடியரசுத் தலைவர் கிருஷண் காந்தின் வாகன அணியில் இருந்த காரின் மீது மோதியதால்தான் திட்டம் குலைந்தது. அன்று பாதுகாப்புப் பணியாளர்களும் நாடாளுமன்ற ஊழியரும் உட்பட ஒன்பது பேர் உயிர்நீத்தனர். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் அவர்களது படங்களுக்கு மலர் தூவப்படுகிறது. அந்த வண்டியை வாயிலில் ஏன் ஒருவரும் சந்தேகிக்கவில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை, தாவ்டுவின் கூடத்தில் அமைதியாக நிற்கும் அம்பாசிடரின் தோற்றத்திலேயே இருக்கிறது.

பின்னர் வந்த ஆண்டுகளில் பிரதமரின் பயன்பாட்டுக்குக் குண்டு துளைக்காத வெளிநாட்டுக் கார்கள் வந்தன. சிவப்பு விளக்கு அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. உயர் அரசமைப்புப் பதவியில் இருப்போருக்கு மட்டுமே அது உரியது என்று 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2017 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை, 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 108ஆவது விதியைத் திருத்த முடிவெடுத்து, மே 1 முதல் அனைவரது கார்களிலிருந்தும் விளக்கை இறக்கியது. விளக்கு இறங்கியது. கூட்டத் தொடர் நாள்களில் நாடாளுமன்ற வளாகத்துக்கு வந்து சேரும் பெரிய வெள்ளை வண்டிகளின் வரிசையைப் பார்ப்பவர்களுக்கு வேறென்ன இறங்கியது என்று தெரியவில்லை.

இதற்கு எதிர்முனையில் ஒரு கார் தில்லியிலேயே இருக்கிறது. மோதிலால் நேரு பிளேஸ் முதல் இலக்க இல்லத்தில் அமைந்துள்ள லால் பகதூர் சாஸ்திரி நினைவகத்தில், பிரதமராக இருந்தபோது அவர் வாங்கிய ஃபியட் நிறுத்தப்பட்டுள்ளது. விலை 12,000 ரூபாய். கையிருப்பு 7,000 ரூபாய் போக, 5,000 ரூபாயைப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாகப் பெற்றார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் மறைந்தபோது கடன் தீரவில்லை. மனைவி லலிதா சாஸ்திரி தம் ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார். வேறு எந்த நினைவுச்சின்னமும் செய்ய இயலாததை அந்தச் சிறிய கார் செய்துவிடுகிறது. கடன் பத்திரம் பற்றிய கதையும் சேர்ந்து நிற்பதால் விளைந்தது அது.

மாருதியும் மன்றமும்

தாவ்டுவிலிருந்து தில்லி திரும்பும் வழியில் வருகிறது குருகிராமத்துப் பழைய மாருதி ஆலைப் பகுதி. நாடாளுமன்றத்தில் மிக அதிகமாக வசைபாடப்பட்ட கார் எது என்று ஒரு போட்டி வைத்தால் பரிசு இதற்கே.

மக்களுக்கு ஒரு மலிவு விலைக் கார் வேண்டும் என்ற பேச்சு 1950களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. குழுக்கள் அமைக்கப்பட்டன; அறிக்கைகள் வந்தன; உருக்குக்கும் மின்சாரத்துக்கும் வேறு முன்னுரிமைகள் இருந்ததால் அவை உறங்கின. 1970இல், பிரதமர் இந்திரா காந்தியின் இளைய மகன் சஞ்சய் காந்திக்கு ஆண்டுக்கு 50,000 கார்கள் தயாரிக்க இசைவுக் கடிதம் வழங்கப்பட்டது. ஹரியாணா முதல்வர் பன்சிலாலின் ஆட்சியில், விமானப் படையின் வெடிமருந்துக் கிடங்கை ஒட்டி ஏறத்தாழ 300 ஏக்கர் நிலம் வந்து சேர்ந்தது. மக்களவையில் மது லிமாயே, ஜோதிர்மய் பாசு போன்றோர் விடாமல் கேள்வி எழுப்பினர். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் வருவதாகச் சொன்ன கார் மட்டும் சந்தைக்கு வரவில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் நீதிபதி ஏ.சி. குப்தா ஆணையம் அமைக்கப்பட்டது. 1979இல் அறிக்கை வந்தது. அதற்கு முன்பே நிறுவனத்தைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது.

1980 ஜூனில் சஞ்சய் காந்தி விமான விபத்தில் இறந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் மாருதியை அரசுடைமையாக்கும் அவசரச் சட்டமும் பின்னர் சட்டமும் வந்தன. மகன் தோற்ற தொழிலைத் தாய் பொதுப்பணத்தில் மீட்கிறார் என்று எதிர்க்கட்சிகள் சாடின. அச்சாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், அடுத்து நடந்ததை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. தஞ்சைத் தரணியில் கருவேலி என்னும் ஊரில் பிறந்து, பெல் நிறுவனத்தை நிமிர்த்தியவர் என்று பெயர் பெற்றிருந்த வி. கிருஷ்ணமூர்த்தியிடம் (2022இல் காலமானார்) பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1982இல் ஜப்பானின் சுசுகியுடன் ஒப்பந்தம். 1983 டிசம்பர் 14ஆம் நாள், சஞ்சய் காந்தியின் பிறந்த நாளில், முதல் மாருதி 800இன் சாவியைக் குலுக்கலில் தேர்வான தில்லிவாசி ஒருவரிடம் பிரதமர் கொடுத்தார். விலை சுமார் 47,500 ரூபாய்.

ஊழல் என்று தூற்றப்பட்ட மண்ணில் விளைந்த அந்தக் கார், நடுத்தர வர்க்கத்தை இரு சக்கரங்களிலிருந்து நான்கு சக்கரங்களுக்கு மாற்றியது. 2014 தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்படுவதற்குள் 25 லட்சத்துக்கும் மேற்பட்டவை விற்றன. பொருளாதாரச் சீர்திருத்தத்தின் சிற்பி எனப்பட்ட மன்மோகன் சிங், பிரதமராக இருந்தபோது 2013இல் மாநிலங்களவைத் தேர்தலுக்குத் தாக்கல் செய்த சொத்து விவரத்தில் காட்டிய கார் 1996ஆம் ஆண்டு மாருதி 800.

அந்த முதல் கார் என்னாயிற்று? உரிமையாளர் 2010இல் காலமாகும் வரை, 27 ஆண்டுகள், அதை விற்காமல் வைத்திருந்தார். பின்னர் தில்லித் தெரு ஒன்றில் வெயிலிலும் மழையிலும் துருவேறி நின்றது. நாளேடுகளில் படம் வந்தது. இறுதியில் தயாரிப்பு நிறுவனமே அதை எடுத்துப் புதுப்பித்துத் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்துள்ளது. பிரதமர் கையால் சாவி கொடுத்த கார் என்பதால் அதற்கு இந்த நற்பேறு. மற்ற லட்சக்கணக்கான மாருதிகளுக்கு?

இங்குதான் இன்றைய சட்டம் குறுக்கே வருகிறது. தலைநகரின் காற்று மாசைக் கருதி, 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014இலும், டீசல் வாகனங்களுக்கு 10 ஆண்டுகளே வரம்பு என்று 2015இலும் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதி செய்தது. 2021 மார்ச்சில் அமைச்சர் நிதின் கட்கரி மக்களவையில் பழைய வாகன அழிப்புக் கொள்கையை அறிவித்தார். 2025 ஜூலை முதல் அத்தகைய வண்டிகளுக்குத் தில்லியில் பெட்ரோல், டீசல் கிடையாது என்ற உத்தரவு மக்கள் எதிர்ப்பால் தடுமாறியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை கூடாது என்றது. டிசம்பரில் அப்பாதுகாப்பை பாரத் ஸ்டேஜ் 4 மற்றும் அதற்கு மேற்பட்ட தரமுள்ளவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. 1980களிலும் 90களிலும் வந்த மாருதிகள் அந்தத் தரத்துக்கு வெகு கீழே உள்ளவை.

குளிர்காலத் தில்லியில் மூச்சுவிட்டுப் பார்த்தவர் எவரும் இந்த ஆணைகளை எளிதில் குறை கூறமாட்டார். ஆனால், அதே 2021இல் ஜூலை மாதம் மத்திய அரசு கொண்டுவந்த இன்னொரு விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்து, முதல் வடிவம் மாறாமல் பேணப்படும் வண்டிகளைப் "பாரம்பரிய வாகனம்" எனத் தனியே பதிவு செய்யலாம். பதிவெண்ணில் "விஏ" என்ற எழுத்துகள் இடம்பெறும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவை தவிர சாலையில் ஓட்டக் கூடாது.

15ஆம் வயதில் கழிவு. 50ஆம் வயதில் பாரம்பரியம். இடையில் 35 ஆண்டுகள் அந்த வண்டி எங்கே இருக்கும்? மூடிய கொட்டகையும் அதைப் பேண ஆளும் உடையவரது வீட்டில் இருக்கும். மன்னர் வீட்டுக் கார் பிழைத்தது அப்படித்தான். இரண்டாம் மாடிக் குடியிருப்பில் வசித்து, தெருவோரத்தில் மாருதியை நிறுத்தியவருக்கு அது இயலாது. முதல் மாருதியே 2033இல்தான் அரை நூற்றாண்டை எட்டும். அதற்குள் அதன் உடன்பிறப்புகள் பெரும்பாலும் நசுக்கப்பட்டு இரும்பாகியிருக்கும். எனவே நாளை ஒரு பேரன் அருங்காட்சியகத்துக்கு வந்தால் பத்துப் பன்னிரண்டு அரச வாகனங்களைப் பார்ப்பான். தன் தாத்தா தவணை கட்டி வாங்கிய காரைத் தேட வேண்டியிருக்கும். இயக்கத்திலிருந்து நிரந்தரமாக நீக்கி, எரிபொருள் தொட்டியைக் காலி செய்து, ஒவ்வொரு தயாரிப்பிலும் சிலவற்றையேனும் அரசு அருங்காட்சியகங்களுக்கு ஒதுக்க அழிப்புக் கூடங்களுக்கு ஒரு விதி போதும். ஓடாத வண்டி புகை கக்காது. எந்த எம்.பி.யாவது இதைத் தனிநபர் தீர்மானமாகக் கொண்டுவரலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் அவைக்கு அலுவல் குறைவுதான்.

மூன்றாம் தளத்திலிருந்து இறங்கி வந்தபோது ஓட்டுநரைக் காணவில்லை. தேடியபோது ஒரு பழைய லாரியின் முன் நின்றுகொண்டிருந்தார். தம் தந்தையின் லாரி டீசல் வண்டி என்றும், பத்தாண்டு முடிந்ததும் தேசியத் தலைநகர் வட்டாரத்தில் ஓட்ட முடியாமல், ஆட்சேபணையில்லாச் சான்று பெற்று வேறு மாநிலத்தவருக்கு விற்றதாகவும் சொன்னார். கடன் தீர்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தனவாம். நூஹ் மாவட்டமும் அந்த வட்டாரத்துக்குள் வருகிறது.

லாரியின் புகைப்படம் ஏதும் வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். முன்புறக் கண்ணாடிக்கு மேல் தந்தை எழுதி வைத்திருந்த பெயர்ப் பலகையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார்களாம். வீட்டு வாசலில் மாட்டியிருக்கிறது என்றார்.